நான் முந்தி, நீ முந்தி: ஒரு விளையாட்டுச் சொல்லிணையும் அருளிச்செயல் மரபும்

திருச்செந்தூருக்குத் தென்மேற்கே தேரிமணலும் பனங்காடும் சூழ அமைந்த உடன்குடி, கருப்பட்டிக்குப் பேர்பெற்ற ஊர். பனை மிகுந்த இத்தகைய ஊர்களில் கோடைதோறும் சிறுவர் நுங்கு உண்டபின் எஞ்சிய காய்களை இரு சக்கரங்களாகக் கோத்து, கவைக்கம்பால் தள்ளி ஓட்டி விளையாடுவர். நுங்கு வண்டி என்று அதற்குப் பெயர். அவ்வோட்டத்திலும், வெறுங்காலால் ஓடும் பிற ஓட்டங்களிலும் இரண்டு பிள்ளைகளுக்கிடையே எழும் சொல்லிணை 'நான் முந்தி, நீ முந்தி' என்பது. இது அவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ் வழங்கும் இடமெங்கும் வழங்குவது. பெரியவர்களும் இதனைக் கைவிட்டாரில்லை. பேருந்தில் இடம் பிடிப்போரையும், வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறக்குங்கால் நெருக்கியடித்து நுழைவோரையும் 'நான் முந்தி நீ முந்தி என்று ஓடினர்' என்றே சொல்கிறோம்.

விளையாட்டில் இனிக்கும் சொல் ஸந்நிதி வாசலில் கசப்பானேன்? இச்சொல்லிணையின் பொருளையும் வழக்கையும் ஆராய்ந்து, பூர்வாசார்யர்களின் வியாக்கியான மரபு முந்துதலையும் பிந்துதலையும் எங்ஙனம் நோக்குகிறது என்று காட்டினால் அக்கேள்விக்கு விடை தானே பெறப்படும்.

சொல்லமைதி

'முந்தி' என்பது முந்து என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம். இடத்தால் முற்படுதலையும் காலத்தால் முற்படுதலையும் இச்சொல் ஒருங்கே உணர்த்தும். 'அவன் முந்தி வந்தான்' என்பதில் ஓட்டத்தின் முடிவு தோன்றும். 'முந்தி இங்கே ஒரு குளம் இருந்தது' என்பதில் சென்ற காலம் தோன்றும். இவ்விரு பொருளும் பின்னே பயன்படுமாதலால் ஈண்டுக் குறித்து வைப்போம்.

சொற்கள் இரட்டித்து வருவதைத் தமிழிலக்கணம் இருவகையாகப் பிரிக்கும். சலசல, மொடுமொடு என்றாற்போலப் பிரித்தால் பொருள் தராதவை இரட்டைக்கிளவி. ஓடு ஓடு, வா வா என்றாற்போலத் தனித்தும் பொருள் தருவன அடுக்கு. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றால் சொல் அடுக்கும் என்பர் நன்னூல் உரைகாரர். 'நான் முந்தி, நீ முந்தி' என்பதில் விரைவும் உவகையும் உண்டு. ஆயினும் இது தூய அடுக்கன்று. 'முந்தி' மட்டும் மீண்டும் வர, முன்னின்ற பெயர் மாறுகிறது. 'நானோ முந்தி, நீயோ முந்தி, பார்ப்போம்' என்ற வினா, ஓட்டத்தின் விரைவில் ஓகாரமும் பின்வரும் வினையும் தொக்கு இவ்வடிவம் பெற்றது என்று கொள்ளுதல் பொருந்தும். ஆகவே இது இருவர்க்கிடையே தொங்கும் வினா. ஓட்டம் முடியும் வரையில் அதற்கு விடையில்லை. விடை கிடைத்த மறுகணமே பிள்ளைகள் மீண்டும் தொடங்கிய இடத்துக்கு ஓடுவர் என்பதும் கருதத்தக்கது. வென்றவன் வெற்றியை வைத்துக்கொள்வதில்லை. அடுத்த ஓட்டத்துக்கு அதனைச் செலவிட்டுவிடுகிறான்.

வடமொழி வழக்கு

இக்கருத்துக்கு நேரான வடசொற்கள் அஹம்பூர்விகா, அஹமஹமிகா என்பன. வியாக்கியானங்களைப் பயில்வார்க்கு 'அஹமஹமிகயா' என்னும் வடிவம் புதிதன்று. 'நான் முன்னே, நான் முன்னே' என்று முற்படுதலை அஹம்பூர்விகா என்றும், ஒருவர்க்கொருவர் 'நான், நான்' என்று செருக்குதலை அஹமஹமிகா என்றும் அமரகோசம் பிரித்துக் காட்டும். தன்னைத் தானே பெரிதாக மதித்துக் கொள்ளும் தருக்கு ஆஹோபுருஷிகா எனப்படும். இம்மூன்றும் அமரகோசத்தில் க்ஷத்ரிய வர்க்கத்தில் போர்ச்செய்திகளின் நடுவே இடம் பெற்றுள்ளன. போர்க்களத்தில் முற்படும் வீரர் வாயில் பிறக்கும் சொல்லாகவே கோசகாரர் அவற்றைக் கண்டார் என்க.

இனி வேறுபாட்டைக் காண்போம். வடசொல்லில் 'அஹம்' மட்டுமே உள்ளது. எத்தனை பேர் ஓடினும் ஒவ்வொருவர் வாயிலும் 'நான்' என்பதே ஒலிக்கும். எதிராளிக்கு அச்சொல்லில் இடமில்லை. தமிழ்ச் சொல்லிணையிலோ பாதி இடம் 'நீ' என்பதற்குத் தரப்பட்டுள்ளது. இலக்கணத்தால் இது வினாவின் மறுபாதி என்பதே நேர்பொருள். வேண்டுமென்றே பிறரை முன்விடும் பணிவு பிள்ளைகள் கருத்தில் இருந்தது என்று சொல்லுதல் மிகையாகும். ஆயினும் ஓட்டத்தில் உடன் ஓடுபவனை மறவாத சொல் இது என்பதில் ஐயமில்லை. தனியே ஓடுகிறவன் இதனைச் சொல்ல இயலாது. 'நீ' இல்லையேல் 'முந்தி'க்குப் பொருளே இல்லை. இந்த 'நீ' எங்கே நிற்கிறதோ அங்கே முந்துதல் அநுபவமாகிறது. எங்கே அது மறைகிறதோ அங்கே முந்துதல் அஹங்காரமாகிறது. அருளிச்செயல்களில் இதற்குச் சான்று காண்பது எளிது.

மொடுமொடு: இரு பிள்ளைகளின் ஓட்டம்

பெரியாழ்வார் திருமொழியில் முதற்பத்தின் ஏழாம் திருமொழி தளர்நடைப் பருவம். யசோதைப் பிராட்டியின் பாவனையில் நின்று, கண்ணன் தளர்நடை நடந்து வாரானோ என்று ஆழ்வார் ஆசைப்படும் பதிகம் அது. அதன் ஐந்தாம் பாசுரத்தில் இரு பிள்ளைகளின் ஓட்டம் காட்டப்படுகிறது. வெள்ளிமலை ஈன்ற குட்டி ஒன்று முன்னே விரைந்தோட, கருமலை ஈன்ற குட்டி ஒன்று அதனைத் தொடர்ந்து அடி பெயர்த்து வைப்பது உவமை. வெண்ணிறத்தானான பலதேவன் முன்னே ஓட, கருநிறத்தானான கண்ணன் பின்னே செல்லுதல் பொருள்.

இவ்விடத்தில் இரண்டு சொற்கள் நம் கருத்துக்கு உரியன. ஒன்று, முன்னோடும் குட்டியின் விரைவைக் காட்டும் 'மொடுமொடு' என்னும் இரட்டைக்கிளவி. பிள்ளையின் கால் தரையில் பதியும் ஓசையும், தடையின்றி ஓடும் வேகமும் அதில் தோன்றுகின்றன. மற்றொன்று, பின்செல்லும் கண்ணனுக்கு ஆழ்வார் இட்ட 'பின்கூட' என்னும் தொடர். பின்னே செல்பவன் கூடச் செல்வது எங்ஙனம்? ஓட்டத்தின் கணக்கில் பின் என்பதும் கூட என்பதும் மாறுபட்டவை. அன்பின் கணக்கில் அவை மாறுபடா. அண்ணனைத் தொடரும் தம்பி இடத்தால் பின்பட்டும் நெஞ்சால் உடனாயும் இருக்கிறான். உலகங்களெல்லாம் தன்னைப் பின்தொடர நிற்கும் பரமன், ஓர் ஆய்ச்சியின் முற்றத்தில் பின்னோடும் பிள்ளையாக நிற்கவேண்டும் என்பதே ஆழ்வார் திருவுள்ளம். முந்துதலின் சுவையை மட்டுமன்றிப் பிந்துதலின் சுவையையும் அறிந்தே அவதரித்தான் என்பது இதனால் போதரும். ராமாவதாரத்தில் முன்பிறந்தவனாக இருந்து இளையபெருமாளைப் பின்னே நடத்தியவன், க்ருஷ்ணாவதாரத்தில் பின்பிறந்தவனாகி அவர் பின்னே ஓடுகிறான். திருவனந்தாழ்வானே இளையபெருமாளாகவும் நம்பி மூத்தபிரானாகவும் அவதரித்தமை ஸம்ப்ரதாய ப்ரஸித்தம். ஆகவே இவ்விருவர்க்குள் யார் முந்தி என்ற கேள்விக்கு நிலையான விடை இல்லை. ஓர் ஓட்டத்தில் அவர், மற்றோர் ஓட்டத்தில் இவர்.

இப்பாசுரத்துக்கு நாம் இன்று ஓதும் வியாக்கியானம் கிடைத்த வரலாறும் இப்பொருளுக்கு அரணாகிறது. நாலாயிரத்துக்கும் உரை அருளிய பெரியவாச்சான்பிள்ளையின் பெரியாழ்வார் திருமொழி வியாக்கியானத்தில் பெரும்பகுதி செல்லரித்து மறைந்தது. ஆழ்வார்திருநகரியில் 1370இல் அவதரித்த மணவாளமாமுனிகள், மறைந்த பகுதிக்கு மட்டும் தாம் உரை அருளி, பிள்ளையின் உரை கிடைக்கும் இடம் வந்தவாறே எழுத்தாணியை நிறுத்தினார். நூல் முழுமைக்கும் புதிதாக உரை செய்ய வல்லவர், முன்னோர் உரை இருக்குமிடத்தில் தம் உரையை எழுப்பவில்லை. காலத்தால் பிற்பட்டவர் முற்பட்டவருக்குப் பின்கூடச் சென்ற இடம் அது.

நெஞ்சு முந்திய இடம்

நம்மாழ்வார் பெரிய திருவந்தாதியைத் தொடங்கும்போதே தமக்கும் தம் நெஞ்சுக்கும் நிகழ்ந்த ஓட்டத்தைச் சொல்லுகிறார். எம்பெருமானைப் பாடுவதில் நெஞ்சு ஆழ்வாரை முந்திக்கொண்டு புறப்பட்டுவிட்டது. அந்நெஞ்சை அவர் வெகுண்டாரில்லை. தம்மோடு கூடி அச்செயலை நடத்தும்படி வேண்டுகிறார். முந்தியவனைப் பின்னுக்கு இழுக்கவில்லை, கூட்டிக்கொள்கிறார் என்பது நோக்குக.

திருவாய்மொழியிலோ நிலைமை வேறு. உடன்குடியிலிருந்து வடக்கே தாமிரபரணிக் கரையை அடைந்தால் நவதிருப்பதிகளுள் ஒன்றான தென்திருப்பேரை. மகரநெடுங்குழைக்காதன் வீற்றிருக்கும் இத்திருப்பதிக்கு ஏழாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி உரியது. தலைமகள் பாசுரமான இதில், இழந்த மேனிநிறத்தை மீட்டு வரச் சென்ற நெஞ்சு அங்கேயே தங்கிவிட்டது என்று பராங்குச நாயகி தோழியரிடம் முறையிடுகிறாள். அங்கே நெஞ்சை 'நெஞ்சினார்' என்று உயர்த்திச் சொல்லும் அழகு ரஸிகர் அறிந்ததே. முந்திச் சென்றவர் திரும்பி வரவில்லை; பின்தங்கியவளுக்குத் துணையாக உசாவ ஒருவருமில்லை. முந்தியவர் பிந்தியவரை மறந்தால் பிந்தியவர்க்கு நேரும் துயரம் இப்பாசுரத்தின் உயிர். முடிவில் அவள் நாணையும் விட்டுத் தானே அவ்வூருக்குப் போவதாகத் துணிகிறாள்.

இப்பதிகத்தின் முதற்பாசுரம் தென்திருப்பேரையை மூன்று ஒலிகளால் அடையாளம் காட்டும்: வேத ஒலி, திருவிழா ஒலி, பிள்ளைகளின் கூட்டம் விளையாடும் ஒலி. வேதத்தோடு ஒப்ப வைத்து எண்ணத்தக்கதாகப் பிள்ளைகளின் ஆரவாரத்தை ஆழ்வார் எடுத்தமை வியத்தற்குரியது. இத்திருக்கோயிலில் கருடன் ஸந்நிதி பெருமாளுக்கு நேரே அமையாமல் சற்று விலகி அமைந்துள்ளது. வேத பாராயணமும் பிள்ளைகளின் விளையாட்டும் தம் திருச்செவிக்கும் திருக்கண்ணுக்கும் மறையாதிருக்கவேண்டிப் பெருமாளே திருவடியை விலகியிருக்கப் பணித்தார் என்பது ஸ்தல ஐதிஹ்யம். எப்போதும் திருமுன்பே நிற்கும் பெரிய திருவடியும் வழிவிடும்படி நேர்ந்தது தெருவில் ஓடும் பிள்ளைகளுக்காக. 'நான் முந்தி' என்று நிற்கும் உரிமை உடையவர் 'நீ முந்தி' என்று ஒதுங்கிய காட்சியை இன்றும் அங்கே ஸேவிக்கலாம்.

கரணங்களின் போட்டி

மூன்றாம் பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் போட்டி ஆழ்வார் திருமேனிக்குள்ளேயே நிகழ்கிறது. நெஞ்சு, வாக்கு, கை, கண், செவி ஆகிய ஒவ்வொரு கரணமும் எம்பெருமானை அநுபவிக்க விடாய்க்கிறது. தன் தொழிலால் மட்டும் அமையாமல், மற்றொரு கரணத்தின் தொழிலையும் தானே பெற ஆசைப்படுகிறது. இவற்றின் உடையவரான ஆழ்வாரும் இவற்றோடு போட்டியிட்டுத் தாமும் கூப்பிடுகிறார்.

உலகியலில் கரணங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டால் மனிதன் கெடுவான். கண் ஒருபுறமும் செவி ஒருபுறமும் இழுக்க அவன் சிதறுண்பான். இங்கோ எல்லாக் கரணங்களும் ஒரே இலக்கை நோக்கி ஓடுவதால் சிதறுதல் இல்லை. மேலும், ஒரு கரணம் பெற்றதனால் மற்றொன்றின் பங்கு குறைவதில்லை. அள்ள அள்ளக் குறையாத விஷயத்தில் 'நான் முந்தி' என்பதற்குப் பேராசை என்று பெயரில்லை. பக்தியின் பரிபாகம் என்றே பெயர். ஆகவே போட்டியைத் தூயதாக்குவனவும் தீயதாக்குவனவும் இரண்டு: ஓட்டத்தின் இலக்கு யாது என்பதும், ஒருவர் பெறுதலால் மற்றவர் இழக்கிறாரா என்பதும்.

முற்பாடரும் பிற்பாடரும்

வியாக்கியானங்களில் 'முற்பாடர்', 'பிற்பாடர்' என்னும் இணை பயின்று வரும். அவதார காலத்தில் உடனிருந்து அநுபவித்தோர் முற்பாடர். அக்காலம் கழிந்தபின் பிறந்தோர் பிற்பாடர். அயோத்தியில் பிறந்த புல்லும் எறும்பும் பேறு பெற்றிருக்க, கலியில் பிறந்த நாம் இழந்தே போவதா என்பது ஆழ்வார்களும் ஆசார்யர்களும் தமக்காகவும் நமக்காகவும் கேட்ட கேள்வி. 'முந்தி' என்னும் சொல்லின் காலப்பொருள் இங்கே நெஞ்சில் தைக்கிறது. ஓடத் தொடங்குமுன்னரே தோற்றவர் அல்லமோ நாம்?

இதற்கு விடையே அர்ச்சாவதாரம். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் எம்பெருமானுடைய ஐந்து நிலைகளையும் நீருக்கு ஒப்பிடுகிறார். அந்தர்யாமித்வம் நிலத்தடியில் மறைந்த நீர், பரத்வம் அண்டத்துக்குப் புறம்பே சூழ்ந்த நீர், வ்யூஹம் பாற்கடல், விபவம் பெருக்காறு, அர்ச்சை அப்பெருக்காறு வற்றியபின்னும் தேங்கி நிற்கும் மடுக்கள். பெருக்கெடுத்த காலத்தில் கரையில் இருந்தவர்க்கே ஆறு பயன்படும். மடுவோ பின்னே வருகிற விடாயனுக்காகக் காத்திருக்கும். தேரிமணலை அடுத்த உடன்குடி வட்டாரத்தில் இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. தாமிரபரணியின் உபரிநீர் சடையனேரிக் கால்வாய் வழியே வந்து குளங்களில் தேங்கினாலன்றி அங்கே ஆற்றுநீருக்கு வழியில்லை. ஓடிய வெள்ளத்தைவிடத் தேங்கிய நீரின் அருமையை அறிந்த நிலம் அது.

பிற்பாடர்க்கு இடம் செய்தலை முதலாழ்வார்கள் திருக்கோவலூர் இடைகழியில் நடத்திக் காட்டினார்கள். மழையிருளில் முந்தி வந்தவர் படுத்திருந்தார். இரண்டாமவர் வர இருவரும் அமர்ந்தனர். மூன்றாமவர் வர மூவரும் நின்றனர். முந்தி வந்தவரின் வசதி ஒவ்வொரு வரவாலும் குறைந்தது. ஆயினும் கதவு ஒருமுறையும் சாத்தப்படவில்லை. முந்தி வந்தவர் தம் இடத்தை முழுதும் காத்துக்கொண்டிருந்தால் மூவர் சேர்ந்திரார். மூவர் சேர்ந்த நெருக்கத்திலன்றோ நான்காமவனாக எம்பெருமான் வந்து நெருக்கினான்! வேதாந்த தேசிகர் தேஹலீச ஸ்துதியில் அவனை ஆலையில் நெருக்குண்ட கரும்பாகக் கண்டதும் இந்நெருக்கத்தை உகந்தே.

திருப்பாவையிலும் இதுவே முறை. ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை பத்துப் பெண்பிள்ளைகள் எழுப்பப்படுகின்றனர். முந்தி எழுந்தவர்கள் நேரே நந்தகோபர் மாளிகைக்கு ஓடியிருக்கலாம், ஓடினாரில்லை. எட்டாம் பாசுரத்தில் போகப் புறப்பட்டவர்களையும் தடுத்து நிறுத்திவிட்டு, உறங்குகிறவளின் வாசலில் வந்து நிற்கின்றனர். க்ருஷ்ணாநுபவத்துக்கு விரைபவர்களைத் தடுப்பது தகுமோ எனில், பாகவதர்களை விட்டுத் தனியே பெறும் அநுபவம் குறையுடையது என்பதே ஆசார்யர்களின் நிர்வாஹம். ஓட்டத்தில் முன்நிற்பவள் திரும்பிப் பார்த்து நிற்கிறாள். அந்நிற்றலே நோன்பின் அங்கமாகிறது.

பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளிருப்பவள் தன்மேல் ஏற்றப்பட்ட குற்றத்தை மறுக்காமல் தன்னதாகவே ஏற்றுக்கொள்கிறாள். திருப்பாவையின் ஸாரமே இப்பாசுரம் என்று வியாக்கியாதாக்கள் கொண்டாடுவர். பெருமை வருமிடத்தில் பின்னிற்கவேண்டிய 'நான்', குற்றம் வருமிடத்தில் முந்தி நிற்கிறது. 'நான் முந்தி' என்று தயங்காமல் சொல்லத்தக்க இடம் இதுவேயாம்.

யார் முந்தி?

முந்தி வந்தவன் யார் என்ற வழக்கு எம்பெருமான் திருமுன்பே ஒருமுறை தீர்க்கப்பட்டது. பாரதத்தில் உத்யோக பர்வத்தில், போர்த்துணை வேண்டித் துரியோதனனும் அர்ஜுனனும் ஒரே நாளில் துவாரகைக்கு விரைகின்றனர். கண்ணன் துயில்கின்றான். முந்தி நுழைந்த துரியோதனன் தலைமாட்டில் ஆஸனத்தில் அமர்ந்தான். பின்னே வந்த அர்ஜுனன் திருவடிப்பக்கத்தில் கைகூப்பி நின்றான். விழித்த கண்ணன் கண்ணில் முந்திப் பட்டவன் அர்ஜுனன். 'முந்தி வந்தவன் நான்' என்று துரியோதனன் வாதிட, அதனைக் கண்ணன் மறுக்கவில்லை. அவன் முந்தி வந்தது மெய், இவன் முந்திக் காணப்பட்டதும் மெய் என்று இருவர்க்கும் உதவ இசைந்து, இளையவனுக்கே முதலில் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தந்தான். ஓட்டத்தில் வென்றவன் சேனையைப் பெற்றான்; பிந்தி வந்து அடியில் நின்றவன் அவனையே பெற்றான்.

இதில் ஒரு தத்துவம் அடங்கியுள்ளது. நாம் ஓடி அவனை அடைகிறோம் என்பது நம் கணக்கு. அவன் நோக்கினாலன்றி நம் ஓட்டம் எங்கும் சேராது என்பது ஸம்ப்ரதாயத்தின் கணக்கு. நம்மாழ்வார் இரண்டாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியில் இதனை 'எதிர்சூழல்' என்னும் சொல்லால் விளக்குகிறார். தப்பியோடும் உயிரைப் பின்னே துரத்தாமல், அது செல்லும் பிறவிதோறும் முந்திச் சென்று எதிரே சூழ்ந்து நின்று அகப்படுத்துகிறான் அவன். யானைக்கு உதவ மடுக்கரைக்கு விரைந்தபோது அவன் பட்ட பதற்றத்தைப் பராசர பட்டர் ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்தில் நினைந்து, அந்தத் த்வரைக்கே வணக்கம் செலுத்துகிறார். அடைந்தவனை விட்டு, அவன் அடைந்த விரைவை வணங்கிய பட்டரின் திருவுள்ளம் சிந்திக்கத்தக்கது. சேதநன் ஓர் அடி எடுத்து வைக்குமுன் ஈச்வரன் முற்பாடனாய் நிற்கிறான் என்பதே இதன் கருத்து. எனவே அவனை நோக்கிச் சொல்லுங்கால் 'நீ முந்தி' என்பது தத்துவத்தின் உண்மை.

அநுஷ்டானம்

இவ்வளவும் ஏட்டளவில் நிற்பதற்கன்று. ஸ்ரீவைஷ்ணவர் பேச்சில் 'நான்' என்பதன் இடத்தை 'அடியேன்' பெற்றிருக்கிறது. 'அடியேன் முந்தி' என்று பெருமிதத்தோடு சொல்ல முயன்றால் நாவே தடுக்கும். இரண்டு ஸ்ரீவைஷ்ணவர்கள் எதிர்ப்பட்டால் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு தண்டன் ஸமர்ப்பிப்பர். அங்கும் ஓர் ஓட்டம் உண்டு; யார் முந்திக் கீழே விழுவது என்பதே அது. அதில் தோற்றவருக்கு நேர்வது, பிறர் வணக்கத்தைத் தாம் முதலில் பெற்ற கூச்சம் ஒன்றே.

ஆயினும் தீர்த்தம், சடகோபம், மாலை, கோஷ்டியில் நிற்கும் வரிசை ஆகியவற்றில் 'முதல் மரியாதை யாருக்கு' என்னும் வழக்குகள் நம் திருக்கோயில்களில் எழுந்ததும், நீதிமன்றப் படிகள் வரை சென்றதும் யாவரும் அறிந்தவை. வரிசை வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. கைங்கர்யத்துக்கு ஒழுங்கு வேண்டும். ஆழ்வார்களுக்கும் ஆசார்யர்களுக்கும் முதலில் மரியாதை நடப்பதும் அவ்வொழுங்கே. முதல் தீர்த்தம் பெறுபவர் பின்னுள்ள கோஷ்டிக்குத் தொடக்கமாக நின்று பெறுகிறார்; தமக்கெனப் பெறுவதில்லை. திருக்கை நீட்டுகையில் பின்னே நிற்பவர் நினைவு உளதாயின் அவ்வரிசை இடைகழியாகிறது. அந்நினைவு நீங்கினால் அமரகோசம் காட்டிய போர்க்களச் சொல்லே அங்கும் பொருந்தும்.

ஆகவே 'நான் முந்தி, நீ முந்தி' என்னும் சொல்லிணை நம் மரபில் மூன்று நிலைகளில் பொருள்படும். எம்பெருமானை நோக்கினால் என்றும் அவனே முந்தி. பாகவதர்களை நோக்கினால் பெருமையில் அவர் முந்தி, பணிவிலும் பொறுப்பிலும் அடியேன் முந்தி. பிற்பாடரை நோக்கினால், முந்தியவன் நின்று திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டவன். பிள்ளைகள் இச்சொல்லின் இரு பாதிகளையும் ஒரே மூச்சில் சொல்லுகிறார்கள். தென்திருப்பேரைப் பெருமான் வேத ஒலியோடு சேர்த்துக் கேட்டு உகக்கும் ஒலிகளுள் அதுவும் ஒன்று. அச்சொல்லை நாமும் பாதியில் நிறுத்தாமல் முழுதும் சொல்லக் கற்போமாக.